எண் 58, வலது கை

தரமணி, மூன்றாம் மாடி.
இயந்திரத்துக்கு ஐந்தே சொற்கள் தெரியும்:
நடை, பஸ், ரயில், வண்டி, சும்மா.
அது தப்பாகச் சொன்னால் திருத்த
மாதம் பதினாறாயிரம் எனக்கு.

எல்லாவற்றையும் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது.
புரசைவாக்கம் நெரிசலில் நின்ற 29சி-யை
ஒருநாள் நடை என்றது;
இறங்கி நடந்தவர்கள்தான் அன்று முந்தினார்கள்.
படியில் தொங்கும் பையனின் கை
பஸ்ஸைவிட அதிகம் ஆடும். ரயில் என்றது.
ஷேர் ஆட்டோ பின்சீட்டில் நாலு பேருக்கு நடுவே
அசைய இடமில்லாத கையையும்,
எழும்பூரில் மண்ணுக்குள் போய்
கோயம்பேட்டில் தலை தூக்கும் மெட்ரோக்காரரையும்
சும்மா, சும்மா என்றே எழுதிக்கொண்டிருந்தது.

மொத்தம் நூற்றுப் பத்துப் பேர்.
மணிக்கட்டில் ஒரு பட்டை, பையில் அவரவர் போன்.
பட்டை அசைவைச் சொல்லும், போன் இடத்தைச் சொல்லும்.
இரண்டும் சண்டை போட்டால்
போனை நம்பு என்பது விதி.
பெயர்கள் எனக்குத் தெரியக் கூடாது என்பது இன்னொன்று.

58-இன் போன்
வியாசர்பாடியில் ஒரு வீட்டில்
காலை ஐந்தே முக்காலுக்கு ஆடாமல் கிடக்கிறது.
58-இன் கை
நடந்துகொண்டிருக்கிறது.

பட்டை பழுது என்று நினைத்தேன் முதலில்.
எட்டு நிமிட நடை, ஒரு நிற்றல்,
அப்புறம் அந்த அதிர்வு.
பொடிப்பொடியான நடுக்கம்,
எஞ்சினிலிருந்து கைப்பிடிக்கு, கைப்பிடியிலிருந்து எலும்புக்கு.
வலது மணிக்கட்டு முறுக்குகிறது.
பயந்து விட்டுவிடுகிறது.
முறுக்குகிறது.
விட்டுவிடுகிறது.
இயந்திரம் சொன்னது: பஸ்.

எந்த மைதானம், தெரியாது.
இடம் சொல்ல வேண்டியது
ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் இருந்தது.
இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் தெரியும்,
வலது வளைவு அவளுக்கு இன்னும் வரவில்லை.
எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது.
மேசைமேல் கிடந்த என் கை
தானாக ஒருமுறை முறுக்கிப் பார்த்தது.

நான்காம் நாள் 6:02-க்குக் கோடு
செங்குத்தாக விழுந்தது.
பதினேழு விநாடி ஒன்றுமில்லை.
எப்போதோ முடிந்துபோன செவ்வாய்க்கிழமை அது,
நான் பார்ப்பது வெள்ளி மதியம்,
இருந்தும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.
பதினெட்டாம் விநாடியில் கை
எதையோ தட்டிவிட்டது, மண்ணாக இருக்கும்.
மறுபடி முறுக்கல்.

வாராந்திர அழைப்பில் கேட்டேன்,
காலையில போனை எடுத்துட்டுப் போக மறந்துடுறீங்களா?
"மறக்கல" என்றாள்.
குக்கர் ஒரு விசில் அடித்தது.
"போன் வீட்ல இருந்தா நானும் வீட்ல இருக்கேன்னு
ஷார்ஜாவுல ஒருத்தர் நிம்மதியா தூங்குவாரு."

வண்டி என்று திருத்தி அனுப்பினேன்.
சுகந்தன் சார் சிவப்பில் திருப்பினார்: விதி மூன்று.
சும்மா என்று மாற்றினேன்.
இருபத்திரண்டு காலைகளும்
ஒருத்தி வீட்டில் சும்மா இருந்ததாக
என் கையால் எழுதினேன்.
மூலக் கோப்பை அழிக்கவில்லை, அவ்வளவுதான்.

இருபத்து மூன்றாம் நாள்
போன் அசைந்தது.
தெருமுனையில் வலப்பக்கம் திரும்பியது.
வலப்பக்கம்!
புள்ளி பெரம்பூர் மேம்பாலம் ஏறியது,
மணிக்கு இருபத்தொரு கிலோமீட்டர்,
பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தார்களோ.
கையும் போனும் முதல்முறையாக ஒரே பேச்சுப் பேசின.
வண்டி, தொண்ணூற்றாறு சதவீதம், என்றது இயந்திரம்.
எனக்கு அங்கே வேலையே இல்லை.

ஷார்ஜாவிலும் அந்தப் புள்ளி நகர்ந்திருக்கும்.
அங்கே என்ன நடந்தது என்பதற்கு
என்னிடம் கோப்பு இல்லை.

ஆய்வு முடிந்தது. பட்டையை வாங்க
ஆள் அனுப்பட்டுமா என்றேன்.
"வேணாம், நானே தரமணிக்கு வர்றேன்."
எதுல வருவீங்க?
பழக்கதோஷம்.
நாளுக்கு நாற்பது முறை கேட்கிற கேள்வி.
"உங்க மெஷினக் கேளுங்க" என்றாள்.